கை தூக்கும் முன்: தமிழ்நாட்டு நகர்மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



2025இல் பெருநகர சென்னை மாநகராட்சி ஏறத்தாழ 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டுத் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதியில் மழைநீர் வடிகால் கட்டுவதற்கான பணம் அது. வட்டி 8 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. இந்தச் செய்தியைப் பலர் இரண்டே நாளில் மறந்திருப்பார்கள். நீங்கள் மறக்கக் கூடாது. சென்னையைப் பார்த்து மற்ற மாநகராட்சிகள் யோசிக்கும். பிறகு நகராட்சிகள் யோசிக்கும். ஒருநாள் உங்கள் மன்றக் கூட்டத்துக்கு வரும் தீர்மானங்களில், டெண்டர் ஒப்புதலுக்கும் தெருவிளக்குப் பராமரிப்புக்கும் நடுவே, கடன் பத்திரம் வெளியிட அனுமதி கேட்டு ஒரு தீர்மானம் இருக்கும். அன்று பத்து நிமிடத்தில் அது நிறைவேறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

உங்கள் பதவிக்காலம் ஐந்தாண்டு. பத்திரத்தின் காலம் பத்தாண்டாக இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம். நீங்கள் ஒப்புக்கொள்ளும் வட்டியை அடுத்து வரும் மன்றம் கட்டும். அசலை அதற்கடுத்த மன்றம் திருப்பும். நடுவில் மன்றமே இல்லாத ஆண்டுகளும் வரலாம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழக நகரங்களைத் தனி அலுவலர்கள்தாம் நிர்வகித்தார்கள். மக்கள் பிரதிநிதி இல்லாத அந்த ஆண்டுகளிலும் வாங்கிய கடனுக்குத் தவணை நிற்கவில்லை.

இதைச் சொல்வதால் நான் கடனுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். முப்பது ஆண்டு உழைக்கப்போகும் குழாய்க்கு இந்த ஆண்டு வரி கட்டுகிறவர் மட்டுமே முழுப் பணமும் கொடுப்பது நியாயமில்லை. அந்தக் குழாயில் நாளை தண்ணீர் பிடிக்கப்போகிறவரும் பங்கு தர வேண்டும். கடன் அதைச் செய்கிறது. மேலிருந்து மானியம் வரட்டும் என்று காத்திருந்தால், அந்தக் காலம் முழுக்க மக்கள் லாரித் தண்ணீருக்கும் கழிவுநீர் லாரிக்கும் கொடுக்கும் பணம் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் தெரியாது. ஆனால் அது செலவுதான். உங்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். அந்தச் செலவின் கணக்கை எந்த அதிகாரியையும்விட உங்களால் துல்லியமாகச் சொல்ல முடியும்.

கடன் வாங்கி ஊரைக் கட்டுவதில் நாம் எங்கோ போய்ப் பாடம் படிக்க வேண்டியதில்லை. ஆலந்தூரிலிருந்து தொடங்கலாம்.

1990களின் நடுவில் ஆலந்தூர் தனி நகராட்சி. சென்னையை ஒட்டி, வேகமாக வீடு பெருகிய ஊர். பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், நிரம்பினால் லாரி. 1996இல் நகர்மன்றத் தலைவராக வந்த ஆர்.எஸ். பாரதி பாதாளச் சாக்கடை கொண்டுவர முனைந்தார். திட்ட மதிப்பு சுமார் 34 கோடி ரூபாய். நகராட்சியின் கைக்கு எட்டாத தொகை. அங்கே முதலில் செய்தது, மக்களிடம் போய் 'இது வந்தால் பணம் தருவீர்களா, எவ்வளவு தருவீர்கள்' என்று கேட்டதுதான். குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கூட்டிப் பேசினார்கள். வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் டெபாசிட், வணிகக் கட்டடத்துக்கு 10,000 என்று முடிவானது. அந்தக் காலத்தில் 5,000 ரூபாய் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய பணம். குழி தோண்டுவதற்கு முன்பே, தெருவில் ஒரு குழாயைக்கூடக் கண்ணால் பார்க்காமலே, ஆயிரக்கணக்கானோர் கட்டினார்கள். அந்த டெபாசிட்டைப் பார்த்த பிறகு தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் கடன் தர முன்வருவது எளிதாயிற்று. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்தித் திருப்பி ஒப்படைக்கும் முறையும் கூடி வந்தது. 2000இல் வேலை தொடங்கியது.

ஆலந்தூர் பத்திரம் வெளியிடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பத்திரத்துக்கு உயிர் எதுவோ அது அங்கே இருந்தது. ஊர் மக்கள் நகராட்சியை நம்பி முன்பணம் கொடுத்தார்கள். கடன் கொடுக்கும் எந்த நிறுவனமும் கடைசியில் பார்ப்பது அதைத்தான்: இந்த ஊர்க்காரர்களே இந்த நகராட்சியை நம்புகிறார்களா?

அடுத்தது மதுரை. மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலை போட வாங்கிய கடனை அடைக்க 2001இல் பத்திரம் வெளியிட்டது. சாலையில் வசூலாகும் சுங்கம்தான் வருவாய் ஆதாரம். வட்டி 12 விழுக்காட்டுக்கும் மேல். அன்றைய நிலவரம் அப்படி.

மூன்றாவதாக நான் சொல்லப்போவது, நம் மாநிலம் இந்தியாவுக்கே வழிகாட்டியது. இன்றைக்கு நகராட்சித் தலைவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 2003இல் நீர் மற்றும் துப்புரவுக் கூட்டு நிதியம் சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. பத்துக்கும் மேற்பட்ட சிறு நகராட்சிகளின் குடிநீர், பாதாளச் சாக்கடைத் திட்டங்களுக்கான பணம். அவற்றில் எந்த நகராட்சியும் தனியாகச் சந்தைக்குப் போயிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். தேவை இரண்டு கோடி, மூன்று கோடி. அதற்குக் கடன் தரமதிப்பீடு (ரேட்டிங்) வாங்கும் செலவும் வழக்கறிஞர் செலவுமே கட்டுப்படியாகாது. எல்லோரும் சேர்ந்து வந்ததால் 9.2 விழுக்காட்டில் 15 ஆண்டுக் கடன் கிடைத்தது.

அதன் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கவனியுங்கள். ஒவ்வொரு நகராட்சியும் தன் வருவாயில் ஒரு பகுதியை மாதந்தோறும், கடனை அடைக்க மட்டுமே பயன்படும் தனி எஸ்க்ரோ கணக்கில் முதலில் செலுத்திவிட வேண்டும். சம்பளம், டீசல் எல்லாம் அதற்குப் பிறகுதான். அது குறைந்தால் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி அந்த ஊருக்கு வரவேண்டிய பங்கிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் மாநில அரசு ஒதுக்கிவைத்த ஒரு காப்பு நிதி. அதற்கும் மேல், அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி அமைப்பின் உத்தரவாதம். நான்கு அடுக்குகள். ஆனால் முதல் அடுக்கு உங்கள் ஊரின் சொந்த வசூல். அது நின்றால்தான் மற்றவை காகிதத்தில் நிம்மதியாக இருக்கும்.

இப்போது வரிவிலக்குக்கு வருகிறேன். பத்திரப் பேச்சு எழுந்ததும் ஆலோசகர்கள் உங்களிடம் முதலில் சொல்லப்போவது, 'ஒன்றிய அரசு வட்டிக்கு வருமான வரி விலக்கு கொடுத்தால் மலிவாகக் கடன் கிடைக்கும், அமெரிக்காவில் அப்படித்தான்' என்பது. பாதி உண்மை. அமெரிக்காவில் 1913இல் ஒன்றிய வருமான வரி வந்தபோதே மாநில, நகரப் பத்திரங்களின் வட்டிக்கு விலக்கு கிடைத்தது. அந்தச் சந்தை இன்று சுமார் 4 லட்சம் கோடி டாலர். பள்ளிக்கூடம், பாலம், தண்ணீர்த் தொட்டி என்று ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பணம் அங்கிருந்து வருகிறது. அவ்வளவு பெரிய ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. கணக்கை நம் ரூபாயிலேயே போட்டுப் பார்க்கலாம்.

30 விழுக்காடு வரி கட்டும் ஒருவர் 8 விழுக்காட்டுப் பத்திரம் வாங்கினால் வரி போக அவருக்கு நிற்பது 5.6. வரியில்லாப் பத்திரம் 6.5 கொடுத்தால் அவர் மகிழ்ச்சியாக வாங்குவார். 100 கோடிக் கடனில் நகராட்சிக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி மிச்சம். ஆனால் ஒன்றிய அரசு விட்டுக்கொடுத்தது 8 கோடி வட்டியின் மீது வரவேண்டிய 2.4 கோடி. இடையில் இருக்கும் 90 லட்சம் பத்திரம் வாங்கிய வசதியானவரின் கையில் போய்ச் சேர்கிறது. சாக்கடைக்காகக் கொடுத்த சலுகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாக்கடைக்குப் போகவில்லை. இது எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கும் உறுத்த வேண்டும். மேலும் நம் நாட்டில் இத்தகைய பத்திரங்களை வாங்குவோர் பெரும்பாலும் வங்கிகளும் காப்பீட்டு, ஓய்வூதிய நிறுவனங்களும்தாம். வரியே கட்டாத ஒரு நிதிக்கு வரிவிலக்கு எதற்கு?

இந்தியாவிலும் இந்த வழி திறந்துதான் இருந்தது. அகமதாபாத் 2002இல் முதல் வரியில்லா நகராட்சிப் பத்திரத்தை வெளியிட்டது, 100 கோடிக்கு. ஐதராபாத், சென்னை போன்ற நகரங்கள் பின்தொடர்ந்தன. சில ஆண்டுகளில் அந்த ஓட்டம் அடங்கிவிட்டது. இப்போது ஒன்றிய அரசு வேறு முறையைக் கையாள்கிறது: நகரக் கட்டமைப்புக்கான அம்ருத் திட்டத்தில், 100 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டால் 13 கோடி ஊக்கத்தொகை, உச்சவரம்பு 26 கோடி. அதாவது 200 கோடியோடு சலுகை முடிகிறது. அகமதாபாத், சூரத், லக்னோ, சென்னை என்று நகரம் நகரமாக 200 கோடியில் வந்து நிற்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. நேரடியாக நகரத்துக்கே வருவதால் வரிவிலக்கைவிட இது நேர்மையான சலுகை என்பேன். ஆனால் 10 கோடி தேவைப்படும் ஒரு நகராட்சிக்கு இதில் என்ன இருக்கிறது? ஊரின் தேவையை அளந்து கடன் தொகையை முடிவு செய்யாமல், ஊக்கத்தொகையை அளந்து முடிவு செய்யும் பழக்கம் வந்துவிட்டால் அதை யார் திருத்துவது?

அமெரிக்காவைப் பற்றிச் சொன்னேன். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வரிவிலக்கைவிட முக்கியமான ஒன்று. சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு 3.5 கோடி டாலர் பத்திரம் வெளியிட வேண்டியிருந்தது. 1930 நவம்பரில், பெரும் பொருளாதார மந்தம் தொடங்கிய ஓராண்டுக்குப் பின், பாலத்துக்குப் பொறுப்பேற்ற மாவட்டங்களின் மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். பாலம் சம்பாதிக்காவிட்டால் தங்கள் சொத்தின் மீது வரி விழும் என்று தெரிந்தே மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் மக்கள் ஒப்புக்கொண்டார்கள். பிறகும் பத்திரம் விற்பது பாடாக இருந்தது. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் நிறுவனர் ஜியானினி துணிந்து வாங்கிய பிறகே 1933இல் வேலை தொடங்கியது. 1971இல் கடைசிப் பத்திரமும் அடைக்கப்பட்டபோது அசலும் ஏறக்குறைய அதே அளவு வட்டியும் முழுக்கச் சுங்க வருவாயிலிருந்தே வந்திருந்தன. நாற்பது ஆண்டுக் கடனுக்கு நாற்பது ஆண்டும் ஊரே பொறுப்பு என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வாக்கெடுப்பு நம் சட்டத்தில் இல்லை. வார்டு கமிட்டியும் பகுதி சபையும் இருக்கின்றன. அவற்றைக் கூட்டிக் கேட்பதை யார் தடுக்கிறார்கள்?

அதே அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜெஃபர்சன் மாவட்டக் கதையும் உண்டு. ஆற்றில் கழிவுநீர் கலந்ததற்காகத் தொடுத்த வழக்கு 1996இல் உடன்பாட்டில் முடிந்து, சாக்கடைக் கட்டமைப்பைச் சீரமைக்க வேண்டிய கட்டாயம் வந்தது. அதற்காக 300 கோடி டாலருக்கும் மேல் கடன் சேர்ந்தது. நிலையான வட்டிக் கடனை விட்டு மாறும் வட்டிக்கும், அதன் மேல் சிக்கலான வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்களுக்கும் போனார்கள். அவை என்ன என்று கையெழுத்திட்டவர்கள் பலருக்கே புரியவில்லை. லஞ்சம் கைமாறியது, ஆணையத் தலைவராக இருந்தவர் பின்னர் சிறை சென்றார். சாக்கடைக் கட்டணம் பல மடங்கு ஏறி ஏழைகள் தலையில் விழுந்தது. 2011 நவம்பரில் மாவட்டம் திவாலானது. தனக்குப் புரியாத ஒப்பந்தத்துக்கு ஓர் உறுப்பினர் கை தூக்கினால் அந்தக் கை எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே கேளுங்கள். வட்டி நிலையானதா, மாறக்கூடியதா? ஏற்பாட்டாளருக்குக் கட்டணம் எவ்வளவு? தவணை தவறினால் முதலில் எந்தப் பணம் பிடிக்கப்படும்? இவற்றைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதித் தர முடியாத கமிஷனரும் ஆலோசகரும் இருந்தால் தீர்மானத்தை ஒத்திவையுங்கள்.

எந்த வருவாயைக் காட்டிக் கடன் வாங்குகிறோம் என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 1998இல் மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலேயே 100 கோடிக்குப் பத்திரம் வெளியிட்ட அகமதாபாத், ஆக்ட்ராய் என்ற நுழைவு வரி வசூலை ஈடாக வைத்தது. அதற்கு முன் அங்கே வசூலில் நடந்த கசிவை அடைத்து, நட்டத்தில் கிடந்த மாநகராட்சியை நிமிர்த்தியிருந்தார்கள். அதனால்தான் பத்திரம் போனது. ஆனால் 2007இல் குஜராத் அரசு ஆக்ட்ராயையே ஒழித்துவிட்டது. நகரம் கஷ்டப்பட்டு வளர்த்த வருவாயை மாநிலம் ஓர் ஆணையில் நீக்கிவிட முடியும்.

நம்மிடம் அது நடக்கவில்லையா? 2018இல் சொத்து வரி உயர்த்தப்பட்டது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. 2022இல், தேர்தல் முடிந்த சில வாரங்களில், 25 முதல் 150 விழுக்காடு வரை ஒரே தூக்காகத் தூக்கப்பட்டது. 2022இல் திட்டு வாங்கியது நீங்கள், ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தது கோட்டை. பத்தாண்டுக் கடன் வாங்கப்போகும் ஓர் அமைப்பின் முக்கிய வருமானம் இப்படி ஏறி இறங்குமானால் கடன் கொடுப்பவர் அந்த அச்சத்துக்கும் சேர்த்துத்தான் வட்டி கேட்பார். வரிவிலக்குக்காக டெல்லிக்குக் கடிதம் எழுதுவதற்கு முன், சொத்து வரியை ஆண்டுதோறும் சிறுகச் சிறுக, முன்னறிவிப்போடு திருத்தும் முறையைத் தேர்தலுக்காகக் கலைக்க மாட்டோம் என்று மாநில அரசிடமிருந்து உறுதி வாங்குங்கள். அந்த உறுதி வட்டியில் குறைக்கக்கூடியது வரிவிலக்கு குறைப்பதைவிடக் குறைவாக இருக்காது என்பது என் கணிப்பு.

சென்னைப் பத்திரம் மழைநீர் வடிகாலுக்கு என்றேன். குடிநீருக்குக் கட்டணம் உண்டு, பாதாளச் சாக்கடைக்கும் உண்டு. மழைநீர் வடிகாலுக்கு யாரிடம் கட்டணம் வாங்குவது? அது பொதுவருவாயிலிருந்துதான் அடைபட வேண்டும். அதாவது சொத்து வரியிலிருந்து. எனவே வடிகாலுக்கும் சாலைக்கும் பூங்காவுக்கும் கடன் வாங்க நினைக்கும் மன்றங்கள் முதலில் பார்க்க வேண்டியது வரி நிலுவைப் பட்டியலை. இரண்டு அறை வீட்டுக்காரர் அரையாண்டு தவறினால் வாசலில் ஆள் வந்து நிற்கிறார். பெரிய வணிக வளாகங்களின் நிலுவை ஆண்டுக்கணக்கில் வழக்கில் கிடக்கிறது. பத்திரச் சுமையைக் காரணம் காட்டிக் குடிசைப் பகுதியின் குழாய்க் கட்டணத்தில் கை வைப்பதற்கு முன், அந்தப் பெரிய நிலுவைகளின் பட்டியலை மன்றத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். இதில் உங்கள் கட்சிக்காரர் பெயரும் வரலாம். வரட்டும்.

பணம் கைக்கு வரும் நேரமும் முக்கியம். 2017இல் புணே மாநகராட்சி 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்காக 200 கோடி திரட்டியது. பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு வந்த முதல் பெரிய வெளியீடு, எல்லோரும் பாராட்டினார்கள். சில வாரங்களில் டெண்டர் ரத்தானது. பணம் வங்கியில் கிடக்க, வட்டி ஓடியது. நிலம் கையில் இல்லாமல், டெண்டர் முடியாமல் பத்திரம் வெளியிட அவசரப்படாதீர்கள்.

யாரிடம் கடன் வாங்குவது என்பதில் எனக்கு ஓர் ஆசை உண்டு. 2023இல் இந்தூர் மாநகராட்சி 244 கோடி ரூபாய்ப் பசுமைப் பத்திரத்தைப் பொதுமக்களும் வாங்கும்படி வெளியிட்டது. நர்மதையிலிருந்து நகருக்குத் தண்ணீர் ஏற்றும் மின்செலவைக் குறைக்கச் சூரிய மின்நிலையம் அமைப்பதற்கான பணம். கேட்டதைப் போலப் பல மடங்கு விண்ணப்பம் வந்தது. தமிழ்நாட்டில் இது நடக்காதா? போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழகத்திலும் மின்நிதிக் கழகத்திலும் டெபாசிட் போட்டு அந்த வட்டியில் காலம் தள்ளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பேருந்துக்கும் மின்சாரத்துக்கும் கடன் கொடுத்துப் பழகியவர்கள் தங்கள் தெருக் குழாய்க்குக் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். வெளியீட்டில் ஒரு பங்கை ஊர் மக்களுக்கென்று ஒதுக்குங்கள். வரிவிலக்கு கேட்பதானால் அந்தப் பங்குக்கு மட்டும், ஒருவருக்கு இவ்வளவு என்ற வரம்போடு கேளுங்கள். மேலே கணக்கிட்ட 90 லட்சக் கசிவு அங்கே பெருமளவு அடைபடும். பத்திரம் வைத்திருக்கும் ஓர் ஓய்வூதியர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா என்று பார்க்கத் தானே போய் வருவார். எந்தத் தணிக்கையாளரும் அவ்வளவு அடிக்கடி போகப்போவதில்லை.

சிறு நகராட்சிகளின் தலைவர்களிடம் கடைசியாக ஒன்று. பெரிய மாநகராட்சிகள் தாமே வழி பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு இருக்கும் வழி கூட்டுதான், அதன் சட்டகமும் அனுபவமும் இந்த மாநிலத்திடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரே ஆற்றங்கரையில் அடுத்தடுத்து இருக்கும் ஐந்தாறு ஊர்களின் தலைவர்கள் கட்சி பார்க்காமல் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். வரும்போது மூன்றாண்டு தணிக்கை அறிக்கையும் சொத்து வரி, குடிநீர்க் கட்டண வசூல் கணக்கும் ஆளுக்கொரு பிரதி கொண்டுவாருங்கள். எந்த ஊரின் தணிக்கை பாக்கி, எந்த ஊரின் வசூல் பாதிக்கும் கீழே என்பது அந்த மேசையிலேயே தெரிந்துவிடும். பிந்தியிருக்கும் ஊருக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்து, மற்றவர்கள் முதலில் கூட்டு நிதியத்தை அணுகலாம்.

அன்புடன்,
அரையாண்டு தவறாமல் சொத்து வரி கட்டும் ஒரு நகரவாசி